முதலில் வருகிறவன் யார்?

தர்மம் தலை காக்கும் என்று சொல்லிப் பழகிய நாடு இது. யார் தலையை என்று மட்டும் கேட்டுப் பழகவில்லை. கொடுத்தவன் தலையையா? வாங்கியவன் தலையையா? ஜவ்வாது மலையில் நின்று இந்தக் கேள்வியைக் கேட்டால் பதில் சுலபத்தில் வருவதில்லை.

2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், ஆந்திர மாநிலத்தில் திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில் 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டது செம்மரக் கடத்தல் தடுப்பு அதிரடிப்படை. செத்தவர்களில் 12 பேர் திருவண்ணாமலை மாவட்டத்தவர், 7 பேர் தருமபுரி மாவட்டத்தவர், ஒருவர் சேலம் மாவட்டத்தவர். ஜவ்வாது மலை மேலிருந்தும் அடிவாரக் கிராமங்களிலிருந்தும் கூலிக்குப் போனவர்கள் அந்தப் பன்னிருவரில் இருந்தார்கள். கல்லாலும் கோடரியாலும் எங்களைத் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ் தரப்பு. பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோகப்பட்டவர்கள் மறுநாள் பிணமாகக் கிடந்தார்கள் என்றார்கள், உடன் சென்று தப்பி வந்தவர்கள். தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன்னும் அதையே சாட்சியாகச் சொன்னார்கள்.

அதன்பிறகு நடந்ததைத்தான் தோழர்கள் கவனிக்க வேண்டும். கார்கள் மலையேறின. தமிழக அரசு குடும்பத்துக்கு 3 லட்ச ரூபாய் அறிவித்தது. ஆந்திர அரசு 5 லட்ச ரூபாய் இடைக்கால நிவாரணம் தரவேண்டும் என்று மனித உரிமை ஆணையம் சொல்லிற்று. கட்சிகள் வந்தன, சங்கங்கள் வந்தன, நல்ல மனம் படைத்த தனி மனிதர்களும் வந்தார்கள். கட்டிலில் உட்கார்ந்து கண்ணீர் விட்டார்கள். கவர் கொடுத்தார்கள். வந்தவர்களை நாம் குறை சொல்லவில்லை. பிணம் விழுந்த வீட்டுக்குப் போகாதவன் மனிதனல்ல.

ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. இத்தனை கார்களும் ஏப்ரல் 7-க்குப் பிறகு ஏறியவை. ஏப்ரல் 7-க்கு முன்னால், அந்த வீடுகளில் கஷ்டம் தலை தூக்கிய நாளில், மலையேறி வந்தவன் ஒருவன்தான். அவனுக்குப் பெயர் தரகன்.

கஷ்ட காலத்தில் ஏழை வீட்டு வாசலுக்கு முதலில் வருகிறவன் யாரோ, அவனே அந்த ஏழையின் அடுத்த ஆண்டைத் தீர்மானிக்கிறான். தர்மம் பற்றிப் பேசுகிற கனவான்கள் எவ்வளவு கொடுத்தோம் என்று கணக்குப் பார்க்கிறார்கள். எப்போது கொடுத்தோம், நமக்கு முன்னால் யார் கொடுத்துவிட்டுப் போனான் என்று பார்ப்பதில்லை. அதைப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

அரிசி இருக்கிறது, காசு இல்லை

ஜவ்வாது மலையை அறியாத தோழர்களுக்கு நாலு வரி. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது இந்த மலை. மலைமேல் நடுநாயகமான ஊர் ஜமுனாமரத்தூர். வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்று பட்டியலில் குறிக்கப்பட்ட பழங்குடி மக்கள். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்கிறவர் என்றே பொருள். ஆளுகிறவர் என்று பெயர், ஆண்டிருப்பது மட்டும் வறுமை. சாமை விதைப்பார்கள், புளி உலுக்குவார்கள், தேன் எடுப்பார்கள், பலா பறிப்பார்கள். மலையின் ஒரு பக்கம் காவலூரில் 2.3 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986 முதல் நட்சத்திரம் பார்க்கிறது. கோடானுகோடி மைலுக்கு அப்பாலுள்ள வெளிச்சத்தைப் பிடிக்க நமக்குக் கருவி இருக்கிறது. பக்கத்துக் குடிசையில் அணைந்துபோன அடுப்பைப் பார்க்கக் கருவி இல்லை.

பழைய காலத்துப் பட்டினி இன்றும் அப்படியே இருக்கிறது என்று சொல்லி யாரையும் ஏமாற்ற வேண்டியதில்லை. ரேஷன் கடை உண்டு. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். ஆகவே பானையில் ஏதோ ஒன்று வேகும். வராதது காசு. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வண்டிச் சத்தத்துக்குக் காசு வேண்டும். மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் காசு வேண்டும். மழை பொய்த்தால் மறு விதைப்புக்குக் காசு வேண்டும். அறுத்த சாமையில் விதைக்குப் போக, கடனுக்குப் போக மிச்சம் நிற்பது சில மாதம். பிறகு கேரளத்துத் தோட்டம், கர்நாடகத்துக் காப்பித் தோட்டம், ஆந்திரக் காடு என்று ஆட்கள் இறங்குவார்கள்.

நமது தர்மவான்கள் எதை எடுத்துக்கொண்டு ஏறுகிறார்கள்? அரிசி மூட்டையை! ஏற்கெனவே அரிசி இருக்கிற வீட்டுக்கு இன்னும் ஐந்து கிலோ அரிசி, பக்கத்தில் நின்று ஒரு போட்டோ. அரிசி மூட்டை படத்தில் நன்றாக விழும். வைத்தியச் செலவுக்கான ஐநூறு ரூபாய் படத்தில் விழாது.

தரகன் அந்தத் தவறைச் செய்வதில்லை. எந்த வீட்டில் எது குறைகிறது என்பது அவனுக்குத் துல்லியமாகத் தெரியும். அவனும் பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஆள்தான். அவன் வருகிற விதத்தைப் பாருங்கள்:

"இன்னா மாமா, ஊட்ல எல்லாம் சௌக்கியமா? பாப்பாவுக்கு ஜொரம்னு சொன்னாங்களே?"

"ஆமாம்பா. கீழ ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவணும். கையில காசில்ல."

"அதுக்கு இன்னா மாமா, நான் ஒருத்தன் இல்லியா? இந்தா, வச்சிக்கோ. அப்புறம் பார்த்துக்கலாம்."

எவ்வளவு அன்பு! எவ்வளவு பரிவு! மனு எழுதச் சொல்லவில்லை, ஜாமீன் கேட்கவில்லை, நாளைக்கு வா என்று அலைய விடவில்லை. பிள்ளைக்குச் சுரம் அடிக்கிற ராத்திரியில் பணத்தோடு வந்து நிற்கிறவனை அந்தத் தாய் என்னவென்று நினைப்பாள்? தெய்வம் என்றுதான் நினைப்பாள். அவள் நினைப்பது தவறு என்று சொல்ல, அந்த ராத்திரியில் அங்கே இல்லாத நமக்கு என்ன யோக்கியதை?

எல்லாம் அந்த 'அப்புறம்' என்ற சொல்லில் அடங்கிக் கிடக்கிறது. அப்புறம் என்றால் அவன் சொல்லும் வேலை, அவன் சொல்லும் இடம், அவன் சொல்லும் கூலி. எங்கே போகிறோம் என்று கேட்கும் உரிமை பணம் கைமாறிய நிமிடமே போய்விடுகிறது. கட்டட வேலை என்று ஏற்றிச் சென்று காட்டில் இறக்கினாலும் கேள்வி இல்லை. செம்மரம் வெட்டுகிறவனுக்குக் கூலி, கடத்துகிறவனுக்குக் கோடி, பிடிபட்டால் சிறை வெட்டினவனுக்கு, சுட்டால் சாவும் வெட்டினவனுக்கு. மரத்தை வாங்கியவன் எந்தத் துறைமுகத்தில், எந்தக் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கிறான் என்று எந்தத் துப்பாக்கியும் தேடிப் போகவில்லை.

தோழர்களே, இதைச் சட்டம் அறியாமல் இல்லை. முன்பணத்தைக் கொடுத்து அதற்காக உழைப்பைக் கட்டிப்போடுவது கொத்தடிமைத்தனம் என்று 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் சொல்கிறது. அப்படிப்பட்ட கடன் செல்லாது, திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை என்றும் அதே சட்டம் சொல்கிறது. இந்த ஒரு வரியை மலையில் எத்தனை வீட்டில் சொல்லியிருக்கிறோம்? தரகன் ஒவ்வொரு வீட்டுக்கும் போகிறான். நாம் ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில் மைக் வைத்துப் பேசிவிட்டுக் கடைசி பஸ்ஸில் இறங்கிவிடுகிறோம்!

மலையின் சொந்த முறை

மலை மக்களுக்குக் கொடுத்து வாங்கத் தெரியாது என்று நினைத்துக்கொண்டுதான் பட்டணத்துப் பிரமுகர்கள் மூட்டை தூக்குகிறார்கள். அறியாமை! ஜவ்வாது மலையில் பிறந்து ஓடுவது சேயாறு. அந்த ஆற்றங்கரை நாட்டை ஆண்ட நன்னனைப் பாடிய சங்கப் பாட்டு மலைபடுகடாம். செங்கம் பக்கத்து மலை வழியாக நடக்கும் கூத்தர்களுக்கு வழி சொல்கிறது அந்தப் பாட்டு. வழியில் உள்ள மலைக் குடிகளிடம் உறவுக்காரர் போல உரிமையோடு போங்கள், இறைச்சியும் தினைச் சோறும் கிடைக்கும் என்று சொல்கிறது. வந்தவன் கை நீட்டும் முன் சோறு போட்ட மலை இது.

இன்றும் ஏழைகள் நடுவே அந்த முறை சாகவில்லை. சாவு விழுந்த வீட்டில் அடுப்பெரியாது, பங்காளி வீட்டிலிருந்து சோறு வரும். கல்யாணத்தில் மொய் வரும், அது நோட்டில் ஏறும், அடுத்த கல்யாணத்தில் திரும்பிப் போகும். ஒரு நாள் நீ என் காட்டில் களை எடு, மறு நாள் நான் உன் காட்டில் எடுக்கிறேன். இதில் கொடுத்தவன் உயர்ந்தவனும் அல்ல, வாங்கியவன் தாழ்ந்தவனும் அல்ல. இன்று வாங்கியவனே நாளை கொடுக்கிறவன். நன்றி சொல்ல வேண்டியதில்லை, திரும்பச் செய்தால் போதும். ஆலைத் தொழிலாளி இதை உடனே புரிந்துகொள்வான். வேலைநிறுத்த காலத்தில் பக்கத்து ஆலைக்காரன் உண்டியலில் போட்ட காசு பிச்சையா? இல்லை. நாளை அவன் ஆலையில் நெருப்புப் பற்றினால் நான் போடுவேன் என்ற ஒப்பந்தம் அது.

அப்படியானால் மலைக்குத் தரகன் எப்படி நுழைந்தான்? அந்த முறைக்கு ஒரு எல்லை உண்டு. ஒரு வீட்டில் கஷ்டம் வந்தால் ஒன்பது வீடு தாங்கும். மழை பொய்த்துப் பத்து வீட்டிலும் ஒரே நாளில் கஷ்டம் வந்தால் யாரை யார் தாங்குவது? பக்கத்து வீட்டுப் பானையும் காலி. 2020 மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்கு விழுந்தபோது நடந்தது அதுதான். வெளியூர் வேலைக்குப் போன அத்தனை பேருக்கும் ஒரே நாளில் கூலி நின்றது. தமிழக அரசு அரிசி அட்டைக்கு 1000 ரூபாயும் விலையில்லாப் பொருளும் கொடுத்தது. அது சில வாரம் தாங்கியது. மாதக் கணக்கில் வேலையில்லாதவனை யார் தாங்கியது? ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் கவிழும்போது ஊருக்கு வெளியிலிருந்து ஒரு கை வரவேண்டும். சர்க்காரின் கை வரலாம், சங்கத்தின் கை வரலாம், கூட்டுறவின் கை வரலாம். எதுவும் வராவிட்டால் தரகனின் கை வரும். காலியான இடம் காலியாகவே இருப்பதில்லை.

தாது வருடத்துப் பாடம்

இந்த உண்மையை இந்த நாடு ஏராளமான உயிரைக் கொடுத்துக் கற்றிருக்கிறது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தை நம் பாட்டிமார் கதையாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். அன்றைய சென்னை மாகாணத்தில் வட ஆற்காடும் சேலமும் வதைபட்டன. பஞ்ச நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று 1877-இல் ஆராய்ந்தவர் சர் ரிச்சர்ட் டெம்பிள். நாள் முழுதும் மண் சுமக்கிற ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். ஒரு ராத்தல் என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. இது உயிரைக் காக்காது என்று வாதாடினார் சென்னை மாகாணச் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ். சாவு கூடிய பிறகே அந்த அளவு உயர்ந்தது.

அந்தப் பஞ்சத்தில் தர்மம் இல்லாமலா போயிற்று? 1877 ஆகஸ்டில் சென்னையில் கூட்டம் போட்டு உதவி கேட்டார்கள். லண்டன் மேயர் நிதி திரட்டினார். லட்சக்கணக்கான ரூபாய் வந்தது. ஆனால் எப்போது வந்தது? பஞ்சம் தொடங்கி ஓராண்டு போன பிறகு! அதற்குள் மாட்டை விற்றவன் விற்றான், நிலத்தை விட்டவன் விட்டான், கடல் கடந்து தோட்டக் கூலியாகக் கப்பலேறியவன் ஏறினான். அவனுக்கு முன்பணம் கொடுத்துக் கப்பலேற்ற ஆள்பிடிக்கிறவன் மட்டும் நேரம் தவறவில்லை. கங்காணிக்கும் இன்றைய தரகனுக்கும் உடை வேறு, தொழில் ஒன்று.

அதே 1877-இல் பம்பாய் மாகாணத்தில் வேறொன்று நடந்தது. ஒரு ராத்தல் கூலியை ஏற்க மாட்டோம் என்று நிவாரண வேலையை விட்டு ஆயிரக்கணக்கான பஞ்சக் கூலிகள் வெளியேறினார்கள். புனா சார்வஜனிக சபை அவர்கள் பக்கம் நின்றது. பட்டினி கிடக்கிறவன் வேலைநிறுத்தம் செய்தான்! போடுகிறதைத் தின்னு என்று சொன்னவன் அதிர்ந்து போனான். பஞ்சம் ஓய்ந்தபின் 1880-இல் பஞ்ச கமிஷன் அறிக்கை தந்தது. 1883-இல் பஞ்ச நிவாரண விதிகள் பிறந்தன. பஞ்ச காலத்தில் உயிர் காப்பது சர்க்காரின் கடமை, மனமிருந்தால் செய்கிற உபகாரம் அல்ல என்ற கொள்கை ஏட்டில் ஏறியது. வெள்ளைக்காரன் அதை எவ்வளவு மீறினான் என்பது வேறு கதை. 1943 வங்கப் பஞ்சம் அதற்குச் சாட்சி. ஆனால் ஏட்டில் ஏறியதைக் காட்டிக் கேட்க முடிந்தது.

நன்கொடை உரிமையான கதை

தர்மமே கூடாது என்று நாம் சொல்வதாக யாரும் திரித்துவிட வேண்டாம். நன்கொடை எப்படி உரிமையாக வளரும் என்பதற்குத் தமிழ்நாடே உலகத்துக்கு உதாரணம்.

1920-இல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில், தியாகராயர் தலைவராக இருந்த காலத்தில், பிள்ளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் மத்தியானச் சாப்பாடு போட முடிவெடுத்தார்கள். 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு ஊர் ஊராகப் பரவியது. அப்போது அது பெரும்பாலும் ஊரார் கொடுத்த நன்கொடை. ஒருவர் அரிசி, ஒருவர் பருப்பு, ஒருவர் விறகு. பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் மாநாடு கூட்டிக் கேட்டு வாங்கினார். பிறகு சர்க்கார் தன் பங்கைச் சேர்த்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவாக விரிந்தது. 2001 நவம்பர் 28-இல் உச்ச நீதிமன்றம் நாட்டிலுள்ள எல்லா மாநிலமும் அரசுப் பள்ளிப் பிள்ளைக்குச் சமைத்த உணவு போட்டாக வேண்டும் என்று ஆணையிட்டது. 2013-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அது ஏறியது. 2022-இல் தமிழ்நாட்டில் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது.

ஒருவர் மனம் வைத்தால் கிடைத்த சோறு, யார் மனம் வைக்காவிட்டாலும் கிடைக்கிற சோறாயிற்று. இன்று ஜவ்வாது மலைப் பள்ளியில் தட்டேந்துகிற பிள்ளை யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. தலை குனிய வேண்டியதில்லை. நல்ல தர்மம் எது என்றால், தன்னைத் தானே தேவையற்றதாக ஆக்கிக்கொள்வதுதான். பத்து வருடமாக ஒரே ஊருக்கு ஒரே மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று ஒருவர் பெருமை பேசினால், பத்து வருடமாக அந்த ஊரில் எதுவும் மாறவில்லை என்று பொருள்.

வர வேண்டியது வந்ததா?

2006-இல் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டம் நிறைவேற்றியது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து காட்டில் உழுது வாழும் பழங்குடிக் குடும்பத்துக்கு, உழுகிற நிலத்தில் 4 ஹெக்டேர் வரை, சுமார் 10 ஏக்கர் வரை, உரிமை. தேனும் புளியும் கடுக்காயும் சேகரிக்க, விற்க உரிமை. மனுவை முதலில் ஆராய்வது அதிகாரி அல்ல, கிராம சபை. 1882-இல் வெள்ளைக்காரன் போட்ட சென்னை வனச் சட்டம் ஒரே கையெழுத்தில் மலை மக்களைச் சொந்தக் காட்டில் திருடர்களாக்கியது. வரலாற்றில் இழைத்த அந்த அநீதியைத் திருத்தவே இதைக் கொண்டு வருகிறோம் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முகப்பிலேயே எழுதியிருக்கிறது.

எழுதியது வந்து சேர்ந்ததா? 2008-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. தன்னைக் கேட்காமல் பட்டா வழங்கக்கூடாது என்றது அது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கும் வரை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் தமிழ்நாட்டு மலைகளில் பட்டா நின்றது. அந்த எட்டு ஆண்டுகளுக்குள்தான் 2015 ஏப்ரல் 7 வருகிறது என்பதைத் தோழர்கள் மறக்க வேண்டாம்! சட்டம் தடைப்பட்டுக் கிடந்தது, தரகன் தடைப்படவில்லை. பட்டா இருந்தால் நிலத்தைக் காட்டிக் கூட்டுறவில் கடன் கேட்கலாம். கிணறு வெட்டலாம். ஒரு போகம் இரண்டு போகமாகலாம். பட்டா இல்லாதவனுக்கு அடகு வைக்க என்ன இருக்கிறது? அவன் உடம்புதான் இருக்கிறது. அதைத்தான் அவன் தரகனிடம் அடகு வைத்தான்.

இன்னொரு சம்பவமும் சொல்ல வேண்டும். 2023 மே மாதம், வேலூர் மாவட்டம் அணைக்கட்டு பக்கம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் குழந்தை இறந்தது. திரும்பும்போது ஆம்புலன்ஸ் மலையடியிலேயே நின்றுவிட்டது, ஏறப் பாதை இல்லை. பெற்ற தாய் பிள்ளையின் பிணத்தைக் கையில் ஏந்திக் கல்லும் முள்ளுமாகப் பல கிலோமீட்டர் நடந்தாள். நாடே பார்த்து அழுதது. அனுதாபம் மலையளவு குவிந்தது. அந்தத் தாய்க்கு வேண்டியிருந்தது அனுதாபமா? ஒரு நாள் முன்னால் ஒரு தார்ச்சாலை! தாமதித்து வரும் கருணைக்கு மாலை போடுவதற்கு முன், அது ஏன் தாமதித்தது என்று கேட்க வேண்டாமா?

நம் முதுகையும் பார்ப்போம்

ஊருக்கு உபதேசம் செய்தாயிற்று, இனி நமக்கு. நம் கட்சித் தோழர்களும் கஷ்ட காலத்தில் உண்டியல் குலுக்குகிறார்கள், மூட்டை கட்டுகிறார்கள். பாராட்டுக்குரிய உழைப்பு. ஆனால் நம்மிலும் சிலர் மூட்டையை விடப் பெரிய பேனர் அடிக்கிறார்கள். வாங்குகிறவர் நிமிர்ந்து காமிராவைப் பார்க்கும் வரை மூட்டையை விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள். இது வெட்கக்கேடு. எதிர்க்கட்சிக்காரன் செய்தால் விளம்பரம், நாம் செய்தால் சேவையா? மானத்தை விலையாக வாங்கிக்கொண்டு கொடுக்கும் அரிசி, தரகனின் முன்பணத்துக்கு அண்ணன் தம்பி.

ஆகவே மலையிலும் அடிவாரத்திலும் வேலை செய்யும் கிளைகளுக்குச் சில யோசனைகள்.

முதலாவது, கஷ்டம் வந்த பிறகு போகாதீர்கள். விதைப்புக்கு முன்னால், மழை தப்பும்போது, வேலை தேடி ஆட்கள் இறங்கும் பருவத்துக்கு ஒரு மாதம் முன்னால் போங்கள். எந்த வீட்டில் நோயாளி, எந்த வீட்டில் கல்யாணம், எந்த வீட்டில் கடன் என்று தரகனுக்குத் தெரிந்தது நமக்கும் தெரியவேண்டும்.

இரண்டாவது, திரட்டுகிற பணத்தை மூட்டையாகப் பிரித்துத் தீர்த்துவிடாதீர்கள். ஊர் நிதியாக ஊரார் கையிலேயே ஒப்படையுங்கள். பெண்கள் கையில் கணக்கு இருக்கட்டும். 1989-இல் பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில்தான் இம்மாநிலத்தின் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. கணக்கு வைக்கத் தெரிந்த பெண்கள் மலையில் உண்டு. சுரம் வந்த ராத்திரிக்கு ஐநூறு, ஆயிரம், வட்டி இல்லாமல், 'அப்புறம்' இல்லாமல் அந்த நிதியிலிருந்து கிடைக்கட்டும். நோட்டுப் புத்தகத்தை ஊர்க் கூட்டத்தில் உரக்கப் படியுங்கள். மொய் நோட்டு நடத்தும் ஊருக்கு இது புதிதல்ல.

மூன்றாவது, ஒவ்வொரு உதவியோடும் ஒரு மனு போகட்டும். வன உரிமைப் பட்டாவுக்கு மனு, சாதிச் சான்றிதழுக்கு மனு, முதியோர் பென்ஷனுக்கு மனு, சாலைக்கு மனு. சாமையும் புளியும் தேனும் தரகுக் கடைக்குப் போகாமல் கூட்டுறவுக்குப் போக, அங்கே நியாய விலை கிடைக்க மனு. கிராம சபை கூடும் நாளில் நம் தோழர் ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்கட்டும்.

நான்காவது, கொத்தடிமைச் சட்டத்தின் அந்த ஒரு வரியை, முன்பணக் கடன் செல்லாது என்ற வரியை, ஒவ்வொரு வீட்டிலும் சொல்லுங்கள். சொல்லிவிட்டு ஓடி வராதீர்கள். அதைச் சொன்னவன் வீட்டுக்கு மிரட்டல் வந்தால் பக்கத்தில் நில்லுங்கள். சட்டம் தெரிந்த ஏழை தனியாக நின்றால் அடிபடுவான். சங்கத்தோடு நின்றால் கேட்பான்.

இதெல்லாம் மெதுவான வேலை. படத்தில் விழாது. மாலை மரியாதை கிடைக்காது. சர்க்கார் செய்ய வேண்டியதை நாம் ஏன் செய்ய வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. ஊர் நிதி சர்க்காரின் கடமைக்கு மாற்றல்ல. தரகனிடம் கடன்பட்டவன் கலெக்டர் ஆபீஸ் வாசலில் கோஷம் போட வரமாட்டான், வர முடியாது, அவன் காட்டில் இருப்பான். கடன்படாதவன்தான் ஊர்வலத்துக்கு வருவான். ஊர் நிதி அவனை ஊரில் நிறுத்தி வைக்கும், ஊரில் நிற்கிறவன் உரிமையைக் கேட்பான். அந்த அளவுக்குத்தான் தர்மத்தின் வேலை. மிச்சம் போராட்டத்தின் வேலை.

தர்மம் தலை காக்கும் என்ற பழமொழியில் இருந்து தொடங்கினோம். சேஷாசலத்தில் விழுந்த இருபது தலைகளை எந்தத் தர்மமும் காக்கவில்லை. அவை விழுந்த பிறகுதான் வந்தது. அடுத்த முறை ஜவ்வாது மலையில் மழை பொய்க்கும், ஒரு வீட்டில் பிள்ளைக்குச் சுரம் அடிக்கும், இருட்டில் ஒரு கை கதவைத் தட்டும்.

அது யார் கையாக இருக்கப் போகிறது, தோழர்களே?